கடைசிப் பக்கம் தெரிந்த வாசகி

ஒரு காதல் நாவலில், ஐம்பதாவது பக்கத்துக்குள் நாயகன் நாயகியின் கையை முறுக்கிவிடுகிறான் என்று வையுங்கள். படிக்கிறவளுக்குப் பெரிதாகப் பதறாது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டதே. ஆகவே முறுக்கினதற்குக் காரணத்தையும் அவளே தேடிக் கொடுத்துவிடுகிறாள்: பொறாமை, சொல்லத் தெரியாத பிரியம், சின்ன வயதில் பட்ட அடி. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் பேசி 1984-இல் ஒரு புத்தகம் எழுதினார். நாயகனின் கடுமையெல்லாம் உள்ளே இருந்த அன்புதான் என்று கதை பின்னால் சொல்லும். வாசகி அதை முன்கூட்டியே அப்படி வாசித்துவிடுகிறாள் என்று அதில் காட்டினார். 1972-இல் வந்து சக்கைப்போடு போட்ட கேத்லீன் வுடிவிஸின் ‘தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்’ நாவலில், நாயகியை வன்புணர்ந்தவனேதான் பிறகு கணவனாகி, காதலனும் ஆகிறான். கொடுமை செய்கிறவனே நாயகனாகவும் இருக்கும் ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று தமிழில் இப்போது தனி வகையே உண்டு.

நிஜத்தில் அடிவாங்குகிறவளும் இதே காரணங்களைத்தான் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் அவள் கையில் கடைசிப் பக்கம் இல்லை.

இந்த வித்தியாசத்தை அந்தக் காலத்திலேயே பிட்டுவைத்தவர்கள் இங்கிலாந்தின் ஹாவொர்த் கிராமத்தில் ஒரே வீட்டில் இருந்த அக்கா தங்கைகள். எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலில், இசபெல்லா தன்னோடு ஓடிவரும் இரவில் அவளுடைய நாயைத் தூக்கில் தொங்கவிடுகிறான் ஹீத்கிளிஃப். அதைப் பார்த்தும் தன்னைக் காதல் கதை நாயகனாகவே நினைத்தாள் என்று பிறகு அவனே ஏளனம் செய்கிறான். இதைவிட வெளிப்படையாக ஒரு எழுத்தாளர் எச்சரிக்க முடியுமா? அப்படியும் அவனைக் காதலர் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

தங்கை ஆன், 1848-இல் ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ எழுதினார். ‘என் அன்பால் திருத்திவிடுவேன்’ என்று, அத்தை தடுத்தும் கேளாமல், ஹண்டிங்டனைக் கட்டிக்கொள்கிறாள் ஹெலன். காதல் நாவல் இந்த நம்பிக்கையைக் கல்யாணத்தோடு முடித்து வைக்கும். ஆன் அங்கேதான் தொடங்குகிறார். குடி, இன்னொருத்தி, பிள்ளைக்கு ஊற்றிக்கொடுக்கும் ஒயின். அவள் ஓவியம் விற்றுப் பிழைக்கத் திட்டமிடுவது தெரிந்ததும் சாவியையும் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு, படம் வரையும் சாமான்களை நெருப்பில் போடுகிறான். கை நீட்டுவது மட்டுமே கொடுமை இல்லை என்று எத்தனை வருடம் முன்பே எழுதியிருக்கிறார் பாருங்கள். கதை நடக்கும் 1820-களில் மனைவியின் சம்பாத்தியம் சட்டப்படி புருஷனுடையது, பிள்ளையும் அவனுடையது. பையனைத் தூக்கிக்கொண்டு ஹெலன் வேறு பெயரில் ஒளிந்து வாழ வேண்டியிருந்தது அதனால்தான். ஆன் 1849-இல் இறந்த பிறகு, அந்தக் கதைப்பொருளே தவறான தேர்வு என்று எழுதியவர் சொந்த அக்கா சார்லட்.

நம் காலத்துக்கு வந்தால், காலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ (2016) நாவல் கெட்டிக்காரத்தனமாக வாசகியின் பழக்கத்தையே பிடித்துக்கொள்கிறது. ரைல் அழகன், மூளை அறுவை மருத்துவன். அவன்தான் நாயகன் என்று நம்பவைத்துவிட்டு, பிறகு அவன் கையாலேயே நாயகி லில்லியைத் தள்ளவிடுகிறது. அவளோடு சேர்ந்து நாமும் மன்னித்துவிடுகிறோம். தன் அம்மாவின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை என்று ஹூவர் சொன்னது அந்த இடத்தில் தெரிகிறது. எனக்கு ஒட்டாதது ரைலுக்குக் கொடுத்திருக்கும் பால்ய சோகம். ஹண்டிங்டனுக்கு ஆன் அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை. தவிர, லில்லி விவாகரத்துக் கேட்கும்போது பழைய காதலன் அட்லஸ் தயாராக இருக்கிறான். காதல் நாவல் அலமாரி அவனைக் கேட்கும். அதே அலமாரிக்காகத்தான் 2023 ஜனவரியில் இந்தக் கதையை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை அறிவித்தார்கள். வாசகிகள் கொதித்ததும் கைவிட்டார்கள்.