கடலை வியாபாரிக்கு, வெறும் சோறு பிள்ளைக்கு!

திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையில் இருக்கிறது பள்ளிப்பட்டு. பக்கத்திலேயே ஆந்திரா. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான் இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது.

இங்கே நெல், கரும்பு, வேர்க்கடலை விளைகின்றன. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்து இருக்கும் சிறு விவசாயிகள் ஏராளம்.

கடலை பிடுங்கியதும் என்ன நடக்கிறது?

ஆய்கிறார்கள். காய வைக்கிறார்கள். மூட்டை கட்டுகிறார்கள். வியாபாரி எடுத்துப் போய்விடுகிறார். கடன் இருக்கிறது, உரக்கடை பாக்கி இருக்கிறது. விற்காமல் முடியாது. ஆனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, பிள்ளைக்கு ரசம் சோறு மட்டும் போட்டால்?

100 கிராம் அரிசியில் புரதச்சத்து சுமார் 8 கிராம். அதே அளவு கடலைப் பருப்பில் சுமார் 24 கிராம். உடம்பை வளர்க்கும் சத்து இதுதான். மூன்று பங்கு சத்து உள்ள பொருள் வெளியே போகிறது!

களி எங்கே போயிற்று?

இந்தப் பக்கத்துப் பழைய சாப்பாடு கேழ்வரகுக் களி. தொட்டுக்கொள்ளக் கீரை அல்லது கடலைத் துவையல். இதைவிட நல்ல சாப்பாடு கிடைப்பது அரிது.

ஆனால் களிக்கு "ஏழைச் சாப்பாடு" என்று பெயர் வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் களி கிண்ட வெட்கப்பட்டார்கள். 2011-ம் ஆண்டு முதல் ரேஷன் அரிசி இலவசம். அதனால் ஏழை வீட்டிலும் அடுப்பு எரிகிறது. அது பெரிய காரியம். ஆனால் பசி தீர்வது வேறு. சத்து சேர்வது வேறு.

எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டியது சுண்ணாம்புச்சத்து. 100 கிராம் கேழ்வரகில் அது 364 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் கூட இல்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கணக்கு இது.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். மற்ற 11 மாதம் கேழ்வரகை மறந்துவிடுகிறோம்!

எலிகள் சொன்ன சாட்சி

அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒரே ஓர் அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறகு, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய மதராஸ் சாப்பாடு தின்ற எலிகள் கடைசி!

எலிதானே என்று தள்ளிவிட முடியாது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை.

நாற்று நடுபவள் அவள். களை பறிப்பவள் அவள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவளும் அவளே. குழம்பில் காய் தீர்ந்த பிறகுதான் அவள் தட்டு வைக்கிறாள்.

எவ்வளவு எடுத்து வைக்கலாம்?

வீட்டில் 5 பேர். ஆளுக்குத் தினம் ஒரு கைப்பிடி, 30 கிராம் கடலை. ஓர் ஆண்டுக்குப் பருப்பாக 55 கிலோ ஆகும். தோலோடு சுமார் 80 கிலோ. நன்றாக விளைந்த ஏக்கரில் இது சிறிய பங்குதான். மூட்டையைத் தைக்கும் முன்பே இதைத் தனியே எடுத்துவிட வேண்டும். வியாபாரி வந்த பிறகு மனசு மாறிவிடும்!

நன்றாகக் காய்ந்த கடலையாக இருக்கட்டும். பூஞ்சை பிடித்த கடலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. வறுத்தாலும் அது முழுவதும் போகாது. பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

வேலி ஓரம் ஒரு முருங்கைக் கொம்பு நட்டால் கீரைக்குக் கவலை இல்லை. ஓர் எலுமிச்சங்கன்றும் இருக்கட்டும். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சைச் சாறு உதவும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.