வெயிலில் முதிர்ந்த மதெய்ரா மது

காலமும் வெப்பமும் உணவுப் பொருள்களின் பகைவர் என்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். காலையிற் கறந்த பால் மாலையிற் புளிக்கின்றது. திராட்சை மதுவும் காற்றுப்படின் நாளடைவிற் காடியாகின்றது. ஆயின், இப்பகைவரையே நண்பராக்கிக்கொண்ட மது ஒன்றுண்டு. அதுவே போர்த்துக்கலுக்குரிய மதெய்ராத் தீவின் மது. இருநூறாண்டு கடந்த பின்னரும் அதன் சுவை குன்றாதிருத்தல் எங்ஙனம்?

லிஸ்பன் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவில், அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ளது இத்தீவு. 1420ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் இங்குக் குடியேறத் தொடங்கினர். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற கப்பல்கள் இதன் துறைமுகமாகிய புன்சாலிற் தங்கி மதுப் பீப்பாக்களை ஏற்றிச் சென்றன. வழியிற் கெடாதிருக்கும்பொருட்டு, வடித்தெடுத்த திராட்சைச் சாராயத்தை அதனுடன் கலக்கும் வழக்கம் உண்டாயிற்று. வெப்ப வலயத்தைக் கடந்து, விலைப்படாது திரும்பிய பீப்பாக்களைத் திறந்தோர் வியப்புற்றனர். மது கெடவில்லை, முன்னையினுஞ் சிறந்திருந்தது! பின்னர் வேண்டுமென்றே அதனைக் கடற்பயணம் அனுப்பலாயினர்.

கப்பல் செய்த வேலையை இன்று தீவிலேயே செய்கின்றனர். சாதாரண வகைகளைத் தொட்டிகளில் இட்டு, 45 முதல் 50 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் மூன்று மாதமேனும் வைப்பர். உயர்ந்தவற்றைப் பீப்பாக்களில் நிரப்பி, கூரையின் கீழுள்ள மேல்மாடத்தில் வெயிலின் வெம்மைக்கே விட்டுவிடுவர். ஆண்டு குறித்து விற்கப்படும் முதல்தர மது 20 ஆண்டுகளேனும் பீப்பாவில் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஒரு பகுதி ஆவியாகிப்போக, எஞ்சுவது செறிவடைகின்றது. அக்குரொட்டு, உலர்ந்த அத்திப்பழம், காய்ச்சிய சர்க்கரை ஆகியவற்றின் மணம் அதில் தோன்றுகின்றது. இயற்கையான புளிப்போ இனிப்பைத் திகட்டவிடாது காக்கின்றது. வெப்பமும் காற்றும் செய்யக்கூடியதை முன்னரே செய்துவிட்டமையால், திறந்த போத்தலும் பல மாதங் கெடாதிருக்கும்.

ஆயினும், பழைய மதெய்ராவின் பெருமை சுவையில் மட்டும் இல்லை. 1851இற் பரவிய பூஞ்சண நோயும், 1872இல் வந்த பைலொக்சரா என்னும் பூச்சியும் தீவின் கொடிமுந்திரித் தோட்டங்களைப் பாழாக்கின. வணிகர் பலர் தீவைவிட்டு நீங்கினர். கொடிகள் மடிந்தன, அவை தந்த சாறு பீப்பாக்களில் உயிர் வாழ்ந்தது. அன்று கைக்காசுக்காக யாவற்றையும் விற்றிருந்தால், அக்கொடிகளின் சுவையைப் பின்வந்தோர் அறிந்திரார். அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள லிபேட்டி ஹோல் அரும்பொருட்சாலையைப் புதுப்பித்தபோது, 1796ஆம் ஆண்டைச் சேர்ந்த மதெய்ராப் போத்தல்கள் வெளிப்பட்டன. அவற்றை வாங்கிவைத்தோர் மறைந்து எத்தனை தலைமுறைகள் கழிந்தன!

நடுவயதில் ஒருவன் நிரப்பும் பீப்பாவின் முழு முதிர்ச்சியை அவன் காண்பதரிது, பேரனே காண்பான். பனை நட்டவனும் இத்தகையவனே. மதுவைத் தீண்டாதாரும் இப்பொறுமையைப் போற்றலாமென்பது நம் கருத்து.