“வேற என்ன தெரியுது?” – தமிழ் வகுப்பில் ஓவியம் பார்த்தல்

உயர்நிலை 1, 2 மாணவர்கள் பள்ளியில் ஓவியப் பாடம் படிக்கிறார்கள். சிலர் அதை ‘ஓ’ நிலையிலும் பிறகு தொடக்கக் கல்லூரியிலும் தொடர்கிறார்கள். அந்தப் பாடத்தில் வரைவது மட்டும் இல்லை. ஒரு படைப்பைப் பார்த்து, அது ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்று காரணத்தோடு பேசவும் பழகுகிறார்கள். அந்தப் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. அதே மாணவர் தமிழ் வகுப்புக்கு வந்து ஒரு படத்தைப் பார்த்தால், “ஒரு மேசை இருக்கு, சில பேர் உக்காந்திருக்காங்க, அவ்ளோதான்” என்று நிறுத்திவிடுகிறார்.

இதைச் சொல்வளக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. “படத்தில் என்ன இருக்கு?” என்று கேட்டால் பட்டியல்தான் பதிலாக வரும். யோசிக்க வைக்கும் கேள்வி ஆங்கிலத்திலும் பட்டியல் கேள்வி தமிழிலும் வந்துகொண்டே இருந்தால், தமிழ் யோசிக்கிற மொழி இல்லை என்று மாணவர் முடிவு செய்துவிடுவார்.

மூன்று கேள்விகள்

அமெரிக்காவில் அபிகெயில் ஹவுசென் என்ற ஆய்வாளரும், அருங்காட்சியகக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைனும் உருவாக்கிய ஒரு முறை ஓவியக் கல்வியில் பரவலாகப் பயன்படுகிறது. அதில் மூன்றே கேள்விகள். நம் வகுப்புக்கு ஏற்றபடி அவற்றை இப்படிக் கேட்கலாம்:

1. இந்தப் படத்துல என்ன நடக்குது?
2. எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?
3. வேற என்ன தெரியுது?

முதல் கேள்வியில் ‘இருக்கு’ போய் ‘நடக்குது’ வருகிறது. அதனால் பதிலில் வினைச்சொல் வந்தே ஆகணும். இரண்டாவது கேள்வி சான்று கேட்கிறது. மூன்றாவது, “அவ்ளோதான்” என்று சொல்ல விடாமல் மறுபடியும் பார்க்க வைக்கிறது. ஆசிரியர் சரி, தவறு என்று சொல்வதில்லை. மாணவர் சொன்னதைத் திருத்தமான தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறார். மொழி கற்பித்தல் அந்த இடத்தில் நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

சுவா மியா டீ 1959இல் தீட்டிய ‘தேசிய மொழி வகுப்பு’ ஓவியம் நம் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு வட்ட மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து மலாய் கற்கிறார்கள். ஆசிரியர் நிற்கிறார். கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: “சியாப்பா நாமா காமு?”, “டி-மானா ஆவாக் திங்கால்?” அதாவது, உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

முதலில் தலைப்பையும் ஆண்டையும் சொல்லாதீர்கள். சொன்னால் மாணவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். படத்தை மட்டும் காட்டினால் உரையாடல் இப்படிப் போகலாம்:

– இந்த வகுப்பு ரொம்ப கண்டிப்பா இல்ல.
– எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?
– எல்லாரும் வட்டமா உக்காந்திருக்காங்க. நம்ம வகுப்பு மாதிரி வரிசையா இல்ல.

மேசையின் வடிவம் இங்கே சான்றாகிவிட்டது. “வட்டமாக அமர்ந்திருப்பதால் யாரும் முன்வரிசை இல்லை, பின்வரிசை இல்லை என்று சொல்கிறீர்கள்” என்று ஆசிரியர் திருப்பிச் சொன்னால் போதும்.

பிறகு பின்னணியைச் சொல்லலாம். 1959இல்தான் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. மலாய் தேசிய மொழியாக இருக்க, பல இனத்தவர் அதைக் கற்க முன்வந்த காலம் அது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் கரும்பலகையைப் பார்த்தால், எந்த மொழிப் பாடத்திலும் முதலில் வரும் அந்த இரண்டு எளிய கேள்விகள் கனமாகிவிடுகின்றன. நான் யார், இது யாருடைய ஊர் என்ற கேள்விகளாகவும் அவற்றைப் படிக்கலாம்.

இங்கே நம் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “வளர்ந்தவங்க ஏன் இன்னொரு மொழியைக் கத்துக்க வந்து உக்காந்திருக்காங்க? நீங்க ஏன் தமிழ் வகுப்புல உக்காந்திருக்கீங்க?” பதில் எல்லாம் இனிப்பாக இருக்காது. “கட்டாயம், அதான்” என்றுகூட வரலாம். அதையும் காரணத்தோடு தமிழில் சொல்ல விடுங்கள்.

தேவையான சொற்கள்

நீண்ட பட்டியல் வேண்டாம். கோடு, வடிவம், நிறம், ஒளி, நிழல், முன்புறம், பின்புறம், இடைவெளி, பார்வைக் கோணம் ஆகிய ஒன்பதும் தொடக்கத்துக்குப் போதும். இவற்றோடு ஒரு வாக்கிய அமைப்பு:

பேச்சில்: “… இருக்கறதால … ன்னு நினைக்கிறேன்.”
எழுத்தில்: “… இருப்பதால் … என்று கருதுகிறேன்.”

முதலில் பேசிவிட்டு, பேசியதையே ஒரு பத்தியாக எழுதச் சொன்னால் இரண்டு நடைக்கும் உள்ள வேறுபாடு தானாகப் புரியும். வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்து உரையாடும்போதும் இதே வாக்கிய அமைப்பு கைகொடுக்கும்.

நிலைக்கு ஏற்ற படங்கள்

கீழ்நிலை வகுப்புகளுக்கு 50 வெள்ளி நோட்டின் பின்பக்கம் நல்ல தொடக்கம். சியோங் சூ பியெங்கின் ‘உப்புமீன் உலர்த்துதல்’, சென் வென் சியின் கிப்பன் குரங்குகள் என இரண்டு ஓவியங்கள் அதில் உள்ளன. சியோங் வரையும் மனிதர்களுக்குக் கைகால் நீளமாக இருக்கும். “ஏன் இப்படி?” என்று மாணவர்களே கேட்பார்கள். வாயாங் கூலிட் நிழற்பொம்மைகளின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லலாம். நோட்டை நகலெடுக்க வேண்டாம். கலைக்கூட இணையத்தளத்தில் அவருடைய ஓவியங்கள் கிடைக்கும்.

தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 1988இல் நடந்த ‘திரிமூர்த்தி’ கண்காட்சி பொருத்தமானது. எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் என்ற மூன்று இளங்கலைஞர்கள், படைத்தல், காத்தல், அழித்தல் என்ற கருத்தை எடுத்து, ஒவ்வொருவரும் தம் பண்பாட்டுப் பின்னணியிலிருந்து படைப்புகள் செய்தார்கள். ஒரு சமயக் கருத்தைப் பல இனத்துக் கலைஞர்கள் சேர்ந்து கையாளலாமா என்று விவாதிக்க வைத்தால், கருத்துரைத்தல் பயிற்சியும் ஆகிவிடும்.

30 நிமிடப் பாடம்

• 2 நிமிடம்: பேசாமல் படத்தைப் பார்த்தல்
• 12 நிமிடம்: மூன்று கேள்விகள், வகுப்புக் கலந்துரையாடல்
• 4 நிமிடம்: பின்னணி விளக்கம், மறுபடியும் பார்த்தல்
• 12 நிமிடம்: ஒரு பத்தி எழுதுதல்

மதிப்பிடும்போது, எத்தனை பொருள்களைக் குறிப்பிட்டார் என்று எண்ணாமல், சொன்ன கருத்துக்குப் படத்திலிருந்தே சான்று காட்டினாரா என்று பாருங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. நேரில் பார்க்க விரும்பும் மாணவர்களிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.