குருதிவகை தெரிந்தால் மட்டும் போதுமா?

கர்ப்பகாலத்தில் பிறபொருளெதிரிப் பரிசோதனை: ஏன், யாருக்கு, எப்போது?

வன்னிக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். ஓர் அக்கா மட்டும் பாயிலேயே இருந்தார். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட வைத்தியசாலை அட்டைகள்.

"தங்கச்சி, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று நீட்டினார்.

அவருடைய முதற் பிள்ளை 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த வேளையில், தறப்பாள் கொட்டிலுக்குள் பிறந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. 2012இல் இரண்டாவது முறை கர்ப்பமானபோது கிளினிக்கில் குருதி எடுத்துப் பார்த்து, அட்டையில் 'ஓ நெகற்றிவ்' என்று குறித்தார்கள். இன்னொரு பரிசோதனைக்கும் துண்டு எழுதிக் கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

"இரத்தம் பார்த்தாச்சுத்தானே, திரும்பவும் என்னத்துக்கு எண்டு நினைச்சன். பஸ்ஸுக்குக் காசும் இல்லை. மூத்தவளைப் பார்க்க ஆளும் இல்லை. போகேல்லை" என்றார்.

பிள்ளை பிறந்த அன்றே உடம்பு மஞ்சளாகிவிட்டது. தூரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அங்கே தந்த அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. அது பைக்குள் போயிற்று. 2015இல் மூன்றாவது பிள்ளை. ஏழாம் மாதத்தில் துடிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் கேட்ட சொற்களை இங்கு முழுமையாக எழுத விரும்பவில்லை. 'இராசியில்லாதவள்' என்றார்கள். 'செய்வினை' என்றார்கள். கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தார்கள். அட்டையில் இருந்த காரணத்தை மட்டும் ஒருவரும் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லவில்லை. நான் வாசித்துச் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்ப என்ர இரத்தமே என்ர பிள்ளைக்கு எதிரியோ, தங்கச்சி?"

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆகவே அந்த அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவருடன் கிளினிக்குக்குப் போனேன். அங்கே வைத்தியரும் குடும்பநல உத்தியோகத்தரும் எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தியவற்றையும், அதன் பின் நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே பரிசோதனை அல்ல

குருதிவகை என்பது நாம் பிறக்கும்போதே கொண்டுவருவது. எமது செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் உள்ள சில அடையாளங்களைக் கொண்டே வகை பிரிக்கிறார்கள். ஏ, பீ, ஓ என்ற வகைகளை 1901இல் கார்ல் லான்ட்ஸ்ரைனர் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். 1940இல் றீசஸ் என்ற மற்றோர் அடையாளமும் அறியப்பட்டது. அதில் 'டி' என்ற அடையாளம் இருந்தால் பொசிற்றிவ், இல்லாவிட்டால் நெகற்றிவ். இலங்கையில் ஏறத்தாழ நூறு பேரில் ஐந்து பேர் அளவில் நெகற்றிவ் வகையினர். இது நோயல்ல, குறைபாடும் அல்ல.

பிறபொருளெதிரி வேறு. எமது உடல் தன்னிடம் இல்லாத ஒன்று உள்ளே வந்தால் அதை எதிர்ப்பதற்கு ஒரு காவற் பொருளைச் செய்கிறது. அதுவே பிறபொருளெதிரி. ஏ, பீ அடையாளங்களுக்கு எதிரானவை, அந்த அடையாளம் இல்லாதவர்களிடம் இயல்பாகவே இருக்கும். இங்கு நாம் பேசுவது அவற்றைப் பற்றி அல்ல. வேறொருவரின் குருதி எமது குருதியோடு கலந்த பின்னர் உண்டாகும் எதிரிகளைப் பற்றியே பேசுகிறோம். அவ்வாறு கலப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குருதி ஏற்றுதல். மற்றது, கர்ப்பமும் பிரசவமும்.

ஆகவே குருதிவகைப் பரிசோதனை 'நீ யார்' என்று சொல்கிறது. பிறபொருளெதிரிப் பரிசோதனை 'உன் உடல் எதைச் சந்தித்திருக்கிறது' என்று சொல்கிறது. வகை மாறாது. எதிரியோ இந்தக் கர்ப்பத்தில் இல்லாமல் அடுத்த கர்ப்பத்தில் இருக்கலாம். அதனாற்றான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அக்காவுக்கு 2012இல் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், கடன் வாங்கியாவது பஸ் ஏறியிருப்பார்.

முதற் பிள்ளை தப்புவது ஏன்?

தாய் நெகற்றிவ், தகப்பன் பொசிற்றிவ் என்றால் பிள்ளை தகப்பனைப் போலப் பொசிற்றிவ் ஆகலாம். (இருவரும் நெகற்றிவ் என்றால் பிள்ளையும் நெகற்றிவ்தான், இந்தப் பிரச்சினை வராது.) வயிற்றில் இருக்கும்போது தாயின் குருதியும் பிள்ளையின் குருதியும் பெரும்பாலும் கலப்பதில்லை. பிரசவ நேரத்தில் நச்சுக்கொடி பிரியும்போது பிள்ளையின் குருதி சிறிதளவு தாயிடம் போய்விடுகிறது. தாயின் உடல் அதைப் பிறபொருள் என்று கண்டு எதிரியைச் செய்யத் தொடங்குகிறது. அதற்குள் முதற் பிள்ளை பிறந்து வெளியே வந்துவிடும்.

தடுப்பு ஊசி போடாவிட்டால், பொசிற்றிவ் பிள்ளை பெற்ற நெகற்றிவ் தாய்மாரில் நூற்றுக்குப் பதினாறு பேரளவில் இவ்வாறு எதிரி உண்டாகும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அடுத்த பொசிற்றிவ் பிள்ளை வயிற்றில் தங்கும்போது, அந்த எதிரி நச்சுக்கொடியைத் தாண்டிச் சென்று பிள்ளையின் செங்குருதிக் கலங்களை அழிக்கிறது. பிள்ளைக்கு இரத்தசோகை வருகிறது. பிறந்ததும் கடுமையான செங்கண்மாரி வருகிறது. மிக மோசமானால் உடம்பு வீங்கி வயிற்றிலேயே இறக்கிறது. அடுத்தடுத்த பிள்ளைகளுக்குப் பாதிப்புக் கூடிக்கொண்டு போவது வழமை.

மூத்தது சுகம், இரண்டாவதுக்கு மஞ்சள், மூன்றாவது இல்லை. எங்கள் ஊர்களில் இதைத்தான் இராசி என்றும் கண்ணூறு என்றும் சொல்லி ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிடுகிறோம். இதில் தாயின் குற்றமும் இல்லை, தகப்பனின் குற்றமும் இல்லை.

பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது?

இதைக் கிளினிக்குகளில் 'கூம்ஸ் ரெஸ்ற்' என்றும் சொல்வார்கள். 1945இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் கூம்ஸ், மூரண்ட், றேஸ் என்ற மூவர் வெளியிட்ட முறை இது. கையிலிருந்து சிறிதளவு குருதி எடுப்பார்கள். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆய்வுகூடத்தில் அக்குருதியின் தெளிந்த நீரை, அடையாளங்கள் ஏற்கெனவே தெரிந்த செங்குருதிக் கலங்களோடு சேர்த்து, உடற் சூட்டில் வைப்பார்கள். எதிரி இருந்தால் அது அக்கலங்களில் ஒட்டிக்கொள்ளும். பின் கழுவி ஒரு மருந்து சேர்க்கும்போது கலங்கள் கட்டி கட்டியாக ஒன்றுசேரும். அதைக் கண்டு, எந்த அடையாளத்துக்கு எதிரானது, எவ்வளவு வலிமையானது என்று தொடர்ந்து பார்ப்பார்கள்.

இங்கே பலர் மயங்கும் ஓர் இடம் உண்டு. 'ஓ நெகற்றிவ்' என்பது குருதிவகை. 'கூம்ஸ் நெகற்றிவ்' என்றால் எதிரி இல்லை, நல்ல செய்தி. இரண்டு நெகற்றிவ்வும் ஒன்றல்ல. அட்டையில் எது எது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: இது எயிட்ஸ் பரிசோதனை அல்ல. எதிரி இருப்பது மற்றவருக்குத் தொற்றும் நோயும் அல்ல.

யாருக்கு, எப்போது?

நெகற்றிவ் வகைக் கர்ப்பிணித் தாய்க்கு முதற் கிளினிக்கிலும், பின் 28ஆம் வாரமளவிலும் பார்ப்பது வழமை. 28ஆம் வாரத்தில் தடுப்பு ஊசி போடுவதாக இருந்தால், ஊசிக்கு முன் குருதி எடுக்க வேண்டும். ஊசி மருந்தே ஓர் எதிரிதான் என்பதால், போட்ட பின் எடுத்தால் முடிவு குழப்பும்.

முன்பு எப்போதாவது குருதி ஏற்றியவர்கள், முந்திய பிள்ளை பிறந்த முதல் நாளிலேயே மஞ்சளானவர்கள், காரணம் தெரியாமல் வயிற்றில் பிள்ளையை இழந்தவர்கள் ஆகியோர் தமது வகை எதுவானாலும் இதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும். "நான் பொசிற்றிவ், எனக்கு ஒன்றுமில்லை" என்பது முழு உண்மை அல்ல. 'டி' தவிர 'சிறிய சி', 'கெல்' போன்ற வேறு அடையாளங்களும் உண்டு. பொசிற்றிவ் பெண்ணுக்கும் குருதி ஏற்றியதால் அவற்றுக்கு எதிரி உண்டாகிப் பிள்ளையைப் பாதிக்கலாம். அவற்றுக்குத் தடுப்பு ஊசியும் இல்லை. எவருக்கும் குருதி ஏற்றுமுன், ஏற்றும் குருதி ஒத்துப்போகுமா என்று பார்ப்பதற்கும் இதே பரிசோதனை தேவைப்படும்.

தடுப்பு ஊசி: 72 மணித்தியாலம்

எதிரி இன்னும் உண்டாகாத நெகற்றிவ் தாய்க்கு 'அன்ரி-டி' என்ற ஊசி உண்டு. 1968 முதல் உலகில் பாவனையில் இருக்கும் மருந்து இது. பொசிற்றிவ் பிள்ளை பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கருக்கலைவு, குழாயில் தங்கிய கர்ப்பம், கர்ப்பகால இரத்தப்போக்கு என்பவற்றின் பின்னும் ஊசி தேவைப்படலாம். வயிற்றில் அடிபட்டாலும் அப்படியே. கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும் சரி, வீட்டில் அடி வாங்கினாலும் சரி, வெட்கப்படாமல் அன்றே போய்ச் சொல்லுங்கள்.

இந்த ஊசி மருந்து மனிதரின் குருதியிலிருந்தே எடுக்கப்படுகிறது. சிறுவயதில் பெரிய சத்திரசிகிச்சையின்போது பிறர் கொடுத்த குருதியால் உயிர் தப்பிய ஜேம்ஸ் ஹரிசன் என்ற அவுஸ்திரேலியர், இதற்காகவே 2018 வரை 1,173 தடவை தானம் செய்தார். 2025இல் காலமானார். முகம் தெரியாத ஒருவரின் கொடையை நாம் தவறவிடலாமா?

எதிரி ஏற்கெனவே உண்டாகிவிட்டால் இந்த ஊசியாற் பயனில்லை. அதனால் நம்பிக்கையும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். எதிரியின் வலிமையை அடிக்கடி அளந்து பார்ப்பார்கள். பிள்ளையின் மூளைக்குச் செல்லும் குருதி ஓடும் வேகத்தை ஸ்கான் மூலம் அளந்து இரத்தசோகையை அறிவார்கள். வசதியுள்ள பெரிய வைத்தியசாலைகளில் வயிற்றிலுள்ள பிள்ளைக்கே குருதி ஏற்ற முடியும். காலத்துக்கு முன் பிரசவிக்கச் செய்து, நீல ஒளியில் வைத்தும் குருதி மாற்றியும் காப்பாற்ற முடியும். இவை எல்லாவற்றுக்கும் நேரத்தோடு தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் சொல்லாமல் விட்டவை

போர்க்காலத்தில் எங்களில் எத்தனையோ பேருக்குக் குருதி ஏற்றப்பட்டது. உயிர் போகும் நேரத்தில் கிடைத்த குருதியை ஏற்றுவது சரியான முடிவே. அதனால்தான் பலர் இன்று இருக்கிறோம். ஆனால் அட்டைகள் எரிந்துபோயின, பதுங்குகுழிகளோடு மூடுண்டுபோயின. 2009இல் ஷெல் காயத்தோடு தூக்கிச் செல்லப்பட்ட எட்டு வயதுப் பிள்ளை இன்று கர்ப்பிணித் தாய். "முன்பு இரத்தம் ஏற்றியதா?" என்று கிளினிக்கில் கேட்டால் "இல்லை" என்கிறாள். அவளுக்குத் தெரியாது. தெரிந்தது தாய்க்குத்தான். அந்த நாட்களைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை என்று தாய் மௌனமாக இருக்கிறார். தாய்மாரே, மற்றதைச் சொல்ல மனம் வராவிட்டாலும் இந்த ஒன்றை மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மறுமணம் செய்த சகோதரிகள் சிலர் முந்திய கர்ப்பத்தையோ கருக்கலைவையோ புது வீட்டுக்கு மறைத்திருக்கிறார்கள். சொல்ல முடியாத கொடுமைகளால் வந்த கர்ப்பங்களும் உண்டு. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது "இதுதான் முதல்" என்று சொல்ல வேண்டி வருகிறது. அவர்களுக்கு நான் சொல்வது: குடும்பநல உத்தியோகத்தரிடம் "உங்களோடு தனியக் கதைக்க வேணும்" என்று கேளுங்கள். அதை வீட்டாருக்குத் தெரியப்படுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

எதிரி இருப்பதாகக் கண்டறிந்தால், அதன் பெயரை எழுதிய அட்டையை வாழ்நாள் முழுதும் வைத்திருங்கள். காலப்போக்கில் எதிரி குறைந்து பரிசோதனையிற் தெரியாமற் போகலாம். உடல் அதை மறப்பதில்லை. பொருந்தாத குருதி மீண்டும் ஏறினால் ஒரு கிழமைக்குள் காய்ச்சலும் செங்கண்மாரியும் வரலாம்.

அந்த அக்காவுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறார். கூடப் பிறந்தவர்களும் நெகற்றிவ் ஆக இருக்கக்கூடும் என்று வைத்தியர் சொன்னதை அக்கா மறக்கவில்லை. தங்கை கர்ப்பமானதும் முதற் கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போனார். தங்கையும் நெகற்றிவ். எதிரி இல்லை. பிள்ளை பிறந்து இரண்டாம் நாள் ஊசி போட்டாயிற்று.

"அண்டைக்கு எனக்கு ஒராள் இருந்து சொல்லியிருந்தா..." என்று தொடங்கிய அக்கா அதை முடிக்கவில்லை. பிறகு, "நீங்கள் இதை எழுதுங்கோ, தங்கச்சி. என்ர பேர் வேண்டாம்" என்றார்.

உங்கள் கையில் ஒரு துண்டு எழுதித் தந்தால், "இது என்ன பரிசோதனை, ஏன் எனக்கு?" என்று கேளுங்கள். விளங்கும்வரை கேளுங்கள். விளங்கிய பின் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.