அத்தையின் நோட்டு அச்சேறிய கதை

"எம்பேரா? செத்தவங்க போட்டோவுக்குக் கீழதான் அம்மிணி பேர் எழுதுவாங்க. எனக்கு இப்பவே எதுக்கு?"

புத்தகத்தின் அட்டையில் அவர் பெயரைப் போடப்போகிறேன் என்றதும் என் மாமியார் சொன்ன முதல் வார்த்தை இதுதான். சாணி மெழுகிய வாசலில் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக் கொண்டிருந்தார். பேசியபடியே முறத்தை இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார். கோபம் இல்லை, வெட்கம் என்று எனக்குத் தெரியும்.

எருமப்பட்டி என்றால் பலருக்குத் தெரியாது. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலை கண்ணுக்கு எதிரே நிற்கிற ஊர் எங்களுடையது. இந்த ஊருக்கு மருமகளாய் வந்த நாளிலிருந்து அத்தை சமையலில் சொன்னதையெல்லாம் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். ஒரு நோட்டு நான்கானது. கம்மஞ்சோறு, பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம், சந்தகை, ஒப்பிட்டு, கச்சாயம், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியக் குழம்பு... என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது நோட்டைப் புரட்டிவிட்டு, "அம்மா, இதைப் புத்தகமாப் போடலாமே" என்றாள். விளையாட்டாய்ச் சொன்னதுதான். நான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுப் பெண்கள் புத்தகம் போடுவது புதுமையா என்ன? எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951ல் வெளிவந்தது. உறவுக்காரப் பெண்கள் சமையல் குறிப்புக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க, "ஒவ்வொருத்திக்கும் எழுதுவதைவிடப் புத்தகமாகவே போட்டுவிடேன்" என்று அவருடைய மாமா யோசனை சொல்ல, அந்த அம்மாள் தாமே வெளியிட்டார். இன்றைக்கும் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் அது இருக்கிறது. அதற்கும் முன்பு, 1920களில், வை.மு. கோதைநாயகி அம்மாள் தம் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினாராம். இதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சொல்பவர் அத்தை, எழுதுபவள் நான். ஆக, எங்கள் முறை ஒன்றும் முறைகேடானது இல்லை!

முதல் சிரமம் அளவில் வந்தது. அத்தைக்கு எல்லாம் கைக்கணக்கு. "புளி சுண்டைக்காய் அளவு, உப்பு நாக்குக்குத் தக்கன, மிளகு ஒரு சிட்டிகைக்கு மேல ரெண்டு" என்பார். 'சமைத்துப் பார்' பழைய பதிப்புகளில்கூட ஆழாக்கும் பலமும் இருந்து, பிறகுதான் இந்தக் காலத்து அளவுக்கு மாற்றினார்கள். நான் மளிகைக் கடைத் தராசில் அத்தையின் கைப்பிடியை நிறுத்திப் பார்த்தேன். மூன்று முறை நிறுத்தால் மூன்று எடை. கடைசியில் ஒவ்வொன்றையும் சமைத்துப் பார்த்தே அளவு எழுதினேன். ஐந்து மாதம் ஆயிற்று. வீட்டில் இவர், "இன்னிக்கும் கடைசலா?" என்று கேட்காத நாளில்லை.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

நோட்டில் கைக்குழந்தைப் பகுதி ஒன்று இருந்தது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு நாக்கில் வைக்கும் சேனை, உரைமருந்து, ஓம நீர் என்று ஏழு பக்கம். அச்சுக்குக் கொடுக்குமுன் தெரிந்த டாக்டரம்மா ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று தோன்றியது. காட்டியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! அவர் பொறுமையாய்ப் படித்துவிட்டு, "மத்ததெல்லாம் பிரமாதம்மா. இந்த ஏழு பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க" என்றார். பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை. ஒரு வயது முடியாமல் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்கள் குடலில் அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். குழந்தை துவண்டு போகும், பால் குடிக்காது, மூச்சுக்கே ஆபத்து வரலாம். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாதாம்.

இதை அத்தையிடம் சொல்வது எப்படி? சொன்னேன்.

"நாஞ் சேனை வெச்ச புள்ளைக எல்லாம் செத்தா போச்சு? உம்புருசனுக்கு வெச்சவளே நாந்தான். எரும மாதிரி நிக்கலியா?"

"நிக்கறாருங்க அத்தை. நீங்க வாயால சொன்னா பக்கத்துல இருந்து பாத்துக்குவீங்க. ஒண்ணுன்னா ஓடிப்போய்த் தூக்குவீங்க. அச்சுல போயிட்டா, யாரு எந்த ஊருல படிச்சுட்டுச் செய்யறாங்கன்னு நமக்குத் தெரியாதுங்களே."

மூன்று நாள் என்னிடம் பேச்சில்லை. சாப்பாட்டைக்கூடப் பேரன் கையில்தான் கேட்டு வாங்கினார். நான்காம் நாள் காலையில் பால் கறந்துவிட்டு வந்து, என்னைப் பார்க்காமலே, "அப்ப அந்த ஏழு பக்கத்துல என்னத்தப் போடுவே?" என்றார். தாய்க்குப் பால் ஊறும் பக்குவங்களும் கொல்லிமலைச் சாமை, தினைச் சோறும் அந்த இடத்தில் ஏறின. உடம்பு சம்பந்தமாக எதை எழுதினாலும், புத்தகம் போடும் சகோதரிகளே, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

ஏழு பக்கம் போனதும் அச்சகத்தில் ஒரு கேள்வி வந்தது. அப்போதுதான் 'ஃபாரம்' என்ற சங்கதியே எனக்குத் தெரிந்தது. டெம்மி அளவில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். 96 பக்கம் என்றால் சரியாக ஆறு ஃபாரம். 100 பக்கம் என்று வைத்தால் நாலு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத் தாளைத் தொடவேண்டும், வீண் செலவு. ஆகவே பக்கக் கணக்கை முதலிலேயே 80, 96, 112 என்று தீர்மானித்துக் கொள்வது நல்லது. தாளுக்கு 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ போதும். ஆனால் பைண்டிங்கில் நான் பிடிவாதமாக நூல் தையல்தான் கேட்டேன். வெறும் பசை ஒட்டிய புத்தகம் சமையல் மேடையில் விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும். ஒரு கையில் மாவை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பக்கத்தைப் பிடிக்க எந்தப் பெண்ணால் முடியும்?

கணினியில் எழுத்துக் கோக்கக் கொடுத்த இடத்தில் இரண்டு வேடிக்கை. எங்கள் பக்கம் மசாலா சாமான்களுக்குச் 'செலவு' என்று பெயர். செலவு ரசம் என்றே ஒரு ரசம் உண்டு. "செலவை அரைத்து ஊற்றவும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்த வெளியூர்ப் பையன், ஏதோ பிழை என்று நினைத்து "செலவைக் குறைக்கவும்" என்று திருத்திவிட்டான்! இன்னொன்று வேடிக்கை அல்ல. நாங்கள் கைபேசியில் அடித்துக் கொடுத்த எழுத்தை அவர்களுடைய எழுத்துருவுக்கு மாற்றியபோது ½, ¼ குறிகள் எல்லாம் மறைந்துவிட்டன. ஒன்றரை ஸ்பூன் உப்பு ஒரு ஸ்பூன் ஆயிற்று. அரை ஸ்பூன் வெந்தயம் வெறும் 'ஸ்பூன் வெந்தயம்' ஆயிற்று. அதனால் அளவுகளைக் குறியாகப் போடாமல் 'அரை', 'கால்', 'முக்கால்' என்று எழுத்திலேயே எழுதுங்கள். புரூப் பார்க்கும்போது ஒருவர் நோட்டைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அச்சைப் பார்க்கவேண்டும். கண் மட்டும் பார்த்தால் மனசு தெரிந்ததையே படித்துவிட்டுப் போகும்.

பதிவு விஷயத்தில் நான் ஏமாந்தேன். புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று சொன்ன ஒரு நிறுவனம், ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தரவும் 'அரசுப் பதிவு' செய்யவும் என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டது. பிறகுதான் தெரிந்தது, அந்த எண்ணுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை! புதுதில்லியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் இணையதளத்தில் நாமே பெயரைப் பதிந்து, அடையாளச் சான்றையும் புத்தக விவரங்களையும் ஏற்றி விண்ணப்பிக்கலாம். முன்பு பத்து இலக்கமாக இருந்த எண் 2007 முதல் பதின்மூன்று இலக்கம். இந்த எண் இல்லாமல் புத்தகம் போட்டால் குற்றமும் இல்லை. ஆனால் கடைக்காரர்களும் இணையக் கடைகளும் கேட்பார்கள். ஒரு மாற்றமும் இல்லாமல் மறுபடி அச்சிட்டால் பழைய எண்ணே போதும். திருத்திப் புதுப் பதிப்புப் போட்டால் புது எண் வேண்டும்.

காப்புரிமைக்கும் பலர் பயப்படுகிறார்கள். 1957ஆம் வருடச் சட்டப்படி, எழுதிய நிமிஷமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் காலத்துக்குப் பின்னும் 60 வருஷம் வாரிசுகளுக்கு இருக்கும். பதிவு செய்வது நம் இஷ்டம். வழக்கு என்று வந்தால் சாட்சியாக உதவும். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அறுவது வருசத்துக்கு எங்கடைசலை யாரும் திருடக் கூடாதா?" என்று சிரித்தார். கடைசலை யாரும் கடையலாம் அத்தை, நாம் எழுதிய எழுத்தைத்தான் எடுக்கக்கூடாது என்றேன்.

வெள்ளைக்காரன் காலத்து 1867ஆம் வருடச் சட்டம் ஒன்று அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் ஊரும் புத்தகத்தில் இருக்கவேண்டும் என்றது. 2024 மார்ச் 1 முதல் அதற்குப் பதிலாக வேறு சட்டம் வந்துவிட்டது. அது பத்திரிகைகளுக்கு மட்டும். இருந்தாலும் அந்தப் பெயர்களைப் போட்டுவிடுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

1954ஆம் வருடச் சட்டம் ஒன்று அப்படியே இருக்கிறது. புத்தகம் வெளியான முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்பவேண்டும். இது தண்டச் செலவு என்று ஒரு தெரிந்தவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1896 முதல் புத்தகங்களைக் காத்து வரும் கன்னிமாராவில் எங்கள் அத்தை பெயர் இருக்கிறது! அந்த நான்கு பொட்டலத்தையும் அத்தையே கையால் தொட்டுக் கொடுத்தார்.

விலை போடும்போது கணக்குத் தப்ப இருந்தது. 300 பிரதி அச்சிட்டதில் ஒரு பிரதியின் அடக்கம் 75 ரூபாய். 120 ரூபாய் வைத்தால் போதும் என்று நினைத்தேன். கடைக்காரர் நூற்றுக்கு 40 கழிவு கேட்டார். 48 போக கைக்கு 72. ஒவ்வொரு பிரதிக்கும் மூன்று ரூபாய் கைநஷ்டம்! அட்டை அச்சாவதற்குள் 150 என்று மாற்றினேன். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஓர் ஆறுதல். பால் பணத்தில் போட்ட சீட்டுப் பணம்தான் முதல். ஆகவே கணக்கில் நான் கறார்.

புத்தகம் கைக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் பத்தியக் குழம்பு வைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்கக்கா, ஒரு ஸ்பூன் பெருங்காயமா?" அத்தனை புரூப் பார்த்தும் ஒரு 'கால்' நழுவிவிட்டது. 51ஆம் பக்கம்! அழுகையே வந்தது. பிறகு பிழைத்திருத்தச் சீட்டு அடித்து, மைதா பசை காய்ச்சி, 300 பிரதியிலும் நானும் மகளும் ஒட்டினோம். அத்தை பசை தடவினார்.

விற்ற விதத்தைச் சொல்லவேண்டும். கடையில் போனதைவிட விசேஷ வீடுகளில் போனதே அதிகம். உறவில் ஒரு வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் வைக்க 60 பிரதி வாங்கினார்கள். அதைப் பார்த்து இன்னொரு வீடு 40. சென்னையில் 1977 முதல் நடக்கும் புத்தகக் காட்சியிலும், 2005ல் தொடங்கிய ஈரோட்டுத் திருவிழாவிலும் ஒரே ஒரு புத்தகம் வைத்திருப்பவர் தனிக்கடை போட முடியாது. கடை எடுத்திருக்கும் பதிப்பகத்தாரிடம் கழிவுக்குக் கொடுத்து வைக்கலாம். நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்க விண்ணப்பம் கேட்கும்போது நாமும் போடலாம். வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அந்தப் பணம்தான் அது.

வெளியூருக்குத் தபாலில்தான். 2025 மே மாதம் அஞ்சல் துறை புத்தகங்களுக்கென்று 'ஞான் போஸ்ட்' தொடங்கியது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. எங்கள் புத்தகம் இரண்டு வைத்தாலும் அந்த எடைக்குள் அடங்கும். ஆனால் புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்கவேண்டும். அதற்குத்தான் முன்னால் சொன்னேன்.

இப்போது 38 பிரதி மீதி. பரண்மேல் கரையான் வராமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். அத்தை தமக்கென்று ஒரு பிரதி எடுத்து மஞ்சள் பையில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருக்கிறார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். போன வாரம் 34ஆம் பக்கத்தைக் காட்டி, "கொள்ளு ரசத்துல பூண்டு தட்டிப் போடோணும்னு சொன்னேனே, நறுக்கிப் போடச் சொல்லியிருக்கே?" என்றார். அடுத்த பதிப்புக்கான நோட்டில் குறித்துக்கொண்டேன், பெருங்காயத்துக்குக் கீழே.