இரண்டாம் டிவிசனில் என் வீடு

போன ஆண்டு எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவில் உறுமி மேளச் சத்தம் தாங்கவில்லையாம், பிள்ளைகள் தூங்க முடியவில்லையாம். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தி ஆமோதித்தார்கள். அதில் என் விரலும் ஒன்று.

ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது எங்கள் தாமான். முகப்பில் காவலர் சாவடி, தடுப்புக் கம்பம். உள்ளே மாடி வீடுகள்; சில வீடுகளில் மூன்று கார்கள். காலையில் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் பனி படர்ந்திருக்கும். குரங்குகள் வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். 2010-இல் ஈடிஎஸ் மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, கோலாலம்பூரில் வேலை, இங்கே வீடு என்று இருப்பவர்களும் உண்டு. நகரமும் வேண்டும், பச்சையும் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்ற இடம்.

புகார் வந்து சில வாரங்கள் கழித்து, என் வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டி அழைத்தார். பேச்சுவாக்கில் நான் குடியிருக்கும் இடத்தைச் சொன்னேன்.

"அட, அது எங்க ரெண்டாம் டிவிசன் இல்லையா! நான் பொறந்தது அங்கதாம்மா. பால்மரம் வெட்டுனதும் அங்கதான். ஒரு தடவ வந்து பாக்கலாமா?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் காரில் வந்தார். தடுப்புக் கம்பத்தில் காவலர் அடையாள அட்டையைக் கேட்டார். பாட்டி கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார், தாம் பிறந்த இடத்துக்குள் நுழைவதற்காக. காவலர்மீது தவறில்லை. அந்த விதிமுறைக்கு வாக்களித்தவர்களில் நானும் ஒருத்தி.

என் வீட்டு வாசலில் நின்று கையை நீட்டினார். "இங்கதான் பெரட்டு. விடியறதுக்கு முன்னாடி பேரு கூப்பிடுவாங்க. அதோ, அந்தத் திடல் இருக்கே, அங்க ஸ்டோரு. பால் நிறுக்கிற எடம்." லயத்து வீடுகள் எங்கே என்று கேட்டேன். பக்கத்துச் சாலையைக் காட்டினார். அங்கே இப்போது நீச்சல் குளம் வைத்த வீடு.

பேராக்கின் ரப்பர் கதை 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு தொடங்குகிறது. பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததால் அது முற்றுப்பெறாமல் நின்றுபோனது. அதைக் கட்டும்போது தொற்றுநோயில் நம் தொழிலாளர்கள் மடிந்தார்கள். எஞ்சியவர்கள் அவரிடம் கேட்டது ஒரு மாரியம்மன் கோயில். கட்டிக் கொடுத்தார். துரையின் மாளிகை இன்று சுற்றுலாத் தலம். கோயிலில் இன்னும் விளக்கு எரிகிறது.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்குப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். ஆனால் எல்லாத் தோட்டங்களையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. பாட்டியின் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் வந்தது. மூன்று தலைமுறையாக உழைத்த குடும்பத்தின் கையில் ஓர் அடி நிலத்துக்கும் பட்டா இல்லை. இப்போது அவர் இருப்பது மலிவு விலை அடுக்குமாடியில், நான்காவது மாடி.

கடைசியில் வேலியோரம் வந்து நின்றார். கோயில் கோபுரம் தெரிந்தது. "எல்லாத்தையும் லாரியில ஏத்திக்கிட்டுப் போனோம். இவள மட்டும் எடுத்துக்கிட்டுப் போக முடியல" என்றார். நான் உயர்த்திய விரலைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கடந்த மாதக் குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இந்த இடம் தோட்டமாக இருந்தது என்பதே பலருக்குப் புதிய செய்தி. "மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கோயில் நிர்வாகத்தாரையும் அழைத்துப் பேசினோம். இரவு பதினோரு மணிக்கு மேளம் நிற்கும். ஊர்வலத்தன்று தடுப்புக் கம்பம் திறந்திருக்கும். யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. எல்லாரும் சம்மதிக்கவில்லை. மூன்று வாக்குகள் கூடுதலாகப் பெற்றுத்தான் தீர்மானம் நிறைவேறியது.

நம்மவர்கள் பலர் இன்று இப்படிப்பட்ட தாமான்களில் வீடு வாங்குகிறோம். உழைத்து வாங்குகிறோம், பெருமைதான். வாங்கும்போது பட்டாவைச் சரிபார்ப்பதோடு, அந்த இடம் எந்தத் தோட்டம் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு கோயிலோ தமிழ்ப்பள்ளியோ மிஞ்சியிருந்தால், அது நமக்கு முன்பே அங்கே குடியிருப்பது.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்குப் பாட்டி வருகிறார். என் வீட்டில்தான் தங்குகிறார்.