பிழைத்தால் மட்டும் போதுமா? குடல் புற்றுநோயாளியின் ‘வாழ்க்கைத் தரத்தை’ எண்ணால் அளப்பது ஏன்?

கொடைக்கானலில் இருந்து மதுரைக்கு சுமார் 120 கி.மீ. போக வர 240. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோதெரபிக்காக 8 முறை மலையிறங்கி ஏறினால் மொத்தம் 1,920 கி.மீ. அதையே 4 முறையில் முடித்தால் 960 கி.மீ.

இரண்டிலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்றால்? பிழைத்தவர்களை மட்டும் எண்ணும் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால், நோயாளிக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை ஓர் எண்ணாக்கி, அரசின் செலவுக் கணக்குக்குள் கொண்டுவரத்தான் ‘வாழ்க்கைத் தரம்’ அளக்கப்படுகிறது. அதை எப்படி அளக்கிறார்கள்? மலையில் வாழ்பவர்கள் அதில் எங்கே விடுபடுகிறார்கள்? பார்ப்போம்.

முதலில், இது என்ன நோய்?

பெருங்குடலிலோ மலக்குடலிலோ வரும் புற்றுநோய். 2022-ம் ஆண்டுக்கான குளோபோகான் கணக்குப்படி, உலகில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் இதற்கு 3-வது இடம். உயிரிழப்பில் 2-வது இடம். அந்த ஒரே ஆண்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு வந்திருக்கிறது.

மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் விகிதம் குறைவுதான். ஆனால், இங்கே பலர் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மலத்தில் ரத்தம் வந்தால் ‘மூலமா இருக்கும், சூடு’ என்று விட்டுவிடுவது ஒரு காரணம்.

சிகிச்சை முடிந்த பிறகும் நிறைய மிச்சமிருக்கிறது. சிலருக்கு வயிற்றில் துளையிட்டு, மலம் வெளியேற ஒரு பை பொருத்துவார்கள். அதற்கு ஸ்டோமா பை என்று பெயர். மலக்குடலில் ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு ஒரு நாளில் பலமுறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். இதெல்லாம் ‘உயிரோடு இருக்கிறார்’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்காது.

அது என்ன ‘க்வாலி’?

சுகாதாரப் பொருளாதாரத்தில் அடிக்கடி வரும் சொல் இது. தரத்தோடு வாழ்ந்த ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முழு ஆரோக்கியம் என்றால் 1. மரணம் என்றால் 0. நோயோடு வாழும் நிலை பொதுவாக இரண்டுக்கும் நடுவில் வரும்.

ஓர் உதாரணம். இவை புரிதலுக்கான எண்கள் மட்டுமே. ஒரு சிகிச்சைக்குப் பிறகு நோயாளி 0.6 என்ற நிலையில் 5 ஆண்டுகள் வாழ்ந்தால், 5 x 0.6 = 3 க்வாலி. இன்னொரு சிகிச்சையில் அதே 5 ஆண்டுகள், ஆனால் நிலை 0.7 என்றால், 3.5 க்வாலி. ஆயுளில் ஒருநாள்கூட கூடவில்லை. ஆனாலும் அரை க்வாலி லாபம்.

இரண்டாவது சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு என்றால், ஒரு க்வாலியின் விலை 2 லட்சம். இது தகுமா தகாதா என்று பார்க்க ஒரு வரம்பு வேண்டும். மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும் ‘ஹெச்டிஏ-இன்’ அமைப்பு, நாட்டின் தனிநபர் ஜி.டி.பி.யை அந்த வரம்பாக எடுத்துக்கொள்கிறது. அது இப்போது 2 லட்சம் ரூபாயைத் தாண்டியிருக்கிறது.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ, ஆயுஷ்மான் பாரத்தோ, பணம் எங்கிருந்து வந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. எதற்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற விவாதத்தில் இந்த எண்ணும் ஒரு சாட்சி. அதாவது, 0.6-க்கும் 0.7-க்கும் நடுவில் இருப்பது வெறும் தசமம் இல்லை.

சரி, அந்த 0.7 எங்கிருந்து வருது?

உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது ஈக்யூ-5டி என்ற சின்னப் படிவம். 1987-ல் உருவான யூரோகால் குழுவின் தயாரிப்பு. தமிழிலும் இருக்கிறது. கேள்விகள் ஐந்தே ஐந்து: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி அல்லது அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு. ஒவ்வொன்றுக்கும் ‘பிரச்சினை இல்லை’ என்பதில் தொடங்கி ஐந்து நிலைகள். மொத்தம் 3,125 விதமான உடல்நிலைகள் வரும்.

இந்த 3,125-க்கும் மதிப்பெண் போடுவது நோயாளி இல்லை, பொதுமக்கள். ‘இந்த நிலையில் 10 வருடம் வாழ்வீர்களா, இல்லை முழு ஆரோக்கியத்தோடு 7 வருடம் போதுமா?’ என்கிற மாதிரி கேட்டுக் கேட்டு, எத்தனை ஆண்டை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதிலிருந்து எண்ணைப் பிடிக்கிறார்கள்.

ரொம்ப நாளாக இந்திய ஆய்வுகள் வெளிநாட்டவர் போட்ட மதிப்பெண்களையே கடன் வாங்கின. 2022-ல்தான் இந்தியாவுக்கென்று தனிப் பட்டியல் வெளியானது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தின் தலைமையில், 5 மாநிலங்களில் 3,548 பேரிடம் நடத்திய ஆய்வு அது. ஐந்து கேள்வியிலும் மிக மோசமான நிலைக்கு அதில் கிடைத்த மதிப்பு மைனஸ் 0.923. ‘இப்படி வாழ்வதற்கு இல்லாமலே போகலாம்’ என்று மக்கள் நினைக்கும் நிலைகள் உண்டு என்று அர்த்தம். ஐந்தில் மதிப்பை அதிகம் கீழே இழுத்தது வலி.

ஆயுள் அதேதான், வாழ்க்கை வேறு

மேலே சொன்ன 8 முறை, 4 முறை கதைக்கு வருவோம். குடல் புற்றுநோய் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு 6 மாதம் கீமோ கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதை 3 மாதமாகக் குறைக்கலாமா என்று 6 ஆய்வுகளைச் சேர்த்து, 12,834 நோயாளிகளின் தரவை அலசிய ‘ஐடியா’ கூட்டாய்வு 2018-ல் வெளியானது.

‘கேப்பாக்ஸ்’ என்ற மருந்து முறையில் 3 வாரத்துக்கு ஒருமுறை ஊசி, நடுவில் வீட்டில் மாத்திரை. 6 மாதத்துக்கு 8 சுற்று, 3 மாதத்துக்கு 4. நோய் பரவல் குறைவாக இருந்தவர்களில், 3 ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 3 மாத சிகிச்சையில் 85%, 6 மாதத்தில் 83.1%. அதாவது, குறைந்த காலம் சிகிச்சை எடுத்தவர்களுக்கு நஷ்டம் இல்லை.

வித்தியாசம் கைகால்களில் தெரிந்தது. இந்தச் சிகிச்சையில் தரும் ஆக்சாலிபிளாட்டின் மருந்து நரம்பைப் பாதித்து விரல்களை மரத்துப்போகச் செய்யும். மிதமானது முதல் கடுமையானது வரையிலான நரம்புப் பாதிப்பு 6 மாத கேப்பாக்ஸில் 100-க்கு சுமார் 45 பேருக்கு வந்தது. 3 மாதத்தில் சுமார் 14 பேருக்கு.

இந்த மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. குளிர் பட்டாலே விரலிலும் தொண்டையிலும் கூச்சமும் குத்தலும் கிளம்பும். ‘சில நாள் ஜில்லென்று எதையும் தொடாதீங்க, குடிக்காதீங்க’ என்று டாக்டர்கள் சொல்வார்கள். சென்னையில் அது ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பது. கொடைக்கானல் மேல்மலையில், உறைபனி கொட்டும் மாதத்தில், காலையில் குழாயைத் திறப்பதே சிக்கல். பூம்பாறையில் பூண்டு உரிப்பவருக்கு விரல் நுனி மரத்துப்போனால் அன்றைய கூலியும் போச்சு.

ஐடியாவின் ஓர் அங்கமான, 6,088 பேர் பங்கேற்ற ‘ஸ்காட்’ ஆய்வு செலவுக் கணக்கையும் போட்டது. 3 மாத சிகிச்சையில் செலவும் குறைந்தது, க்வாலியும் கூடியது. நோயாளிகளிடம் ஈக்யூ-5டி படிவம் கொடுத்ததால்தான் இரண்டாவது விஷயம் வெளியே தெரிந்தது.

(எல்லோருக்கும் 3 மாதம் போதாது. பரவல் அதிகம் உள்ளவர்களுக்கு 6 மாதம் தேவைப்படலாம். முடிவு உங்கள் புற்றுநோய் மருத்துவருடையது.)

பை வைத்தவரிடம் கேட்பதா, வைக்காதவரிடம் கேட்பதா?

2006-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வெளியான ஓர் ஆய்வு சுவாரஸ்யமானது. ஸ்டோமா பையோடு வாழ்பவர்கள், முன்பு பை இருந்து பிறகு அகற்றிக்கொண்டவர்கள், பொதுமக்கள் என மூன்று தரப்பிடமும் ‘பையோடு வாழாமல் இருக்க எத்தனை ஆண்டு ஆயுளை விட்டுத்தருவீர்கள்?’ என்று கேட்டார்கள். இப்போது பையோடு இருப்பவர்கள்தான் அந்த வாழ்க்கைக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். பொதுமக்கள் குறைவாகக் கொடுத்தது புரிகிறது. ஆனால், அகற்றிக்கொண்டவர்களும் குறைவாகத்தான் கொடுத்தார்கள்!

மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள். பழகியதை மறந்தும் விடுகிறார்கள். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணே மாறுகிறது என்பதை இந்தத் துறை இன்னும் விவாதித்துக்கொண்டே இருக்கிறது.

மலை எங்கே விடுபடுது?

ஒன்று, ஈக்யூ-5டி கேட்பது ‘இன்று’ எப்படி இருக்கிறீர்கள் என்று. கீமோவுக்கு முந்தைய நாளும் மூன்றாவது நாளும் ஒன்றில்லை. மலையிலிருந்து வருபவர் பெரும்பாலும் தேறிய பிறகுதான் அடுத்த சுற்றுக்கு பஸ் ஏறுவார். படிவத்தை நிரப்புவது அவருடைய நல்ல நாளில். மோசமான நாட்கள் மேலே வீட்டிலேயே கழிந்துவிடும்.

இரண்டு, பை கசிவது, அடக்க முடியாமல் மலம் போவது, பஸ்ஸில் வாயு சத்தம் வந்து கூச்சப்படுவது எதுவும் அந்த ஐந்து கேள்வியில் நேரடியாக இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில், கழிவறை இல்லாத பஸ்ஸில் பல மணி நேரம் என்றால், சிலர் முந்தைய நாளிலிருந்தே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் கேட்கவே ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் தனிப் படிவங்கள் இருக்கின்றன. சி-30 என்பது 30 பொதுக் கேள்விகள், பணக் கஷ்டம் உட்பட. சிஆர்-29 என்பது குடல் புற்றுநோய்க்கென்றே 29 கேள்விகள். இவை ‘கடந்த ஒரு வாரத்தை’ முக்கியமாக வைத்துக் கேட்கின்றன.

மூன்று, மருத்துவமனையில் எடுக்கும் கணக்கில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளை நாமே பலமுறை படித்திருக்கிறோம். பாதி சிகிச்சையில் நின்றுபோனவரின் எண் எந்தப் படிவத்திலும் இல்லை. சராசரி நன்றாக இருப்பதுபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திண்டுக்கல் ஏற்கெனவே செய்து காட்டியது

‘கிராமத்துக்குப் போய் ஆய்வெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்டால், பதில் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 114 பஞ்சாயத்துகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வினிகர் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய கருப்பைவாய்ப் பரிசோதனை. 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: நோய் 25% குறைந்தது, உயிரிழப்பு 35% குறைந்தது. உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு.

அங்கே எண்ணியது நோயையும் உயிரையும். இனி எண்ண வேண்டியது பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை. செவிலியர் ஊருக்குப் போய், கீமோ முடிந்த மூன்றாவது நாளிலோ, போனிலோ, தமிழில் கேட்டாலே பாதி ஓட்டை அடைபடும்.

வீட்டில் யாருக்காவது இந்தப் படிவம் வந்தால்?

அவரே பதில் சொல்லட்டும். ‘அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்காரு’ என்று மகனோ மகளோ முந்திக்கொள்ள வேண்டாம்.

‘பரவால்ல’ என்பது நம் ஊர் பதில். வலி இருந்தால் வலி என்றே டிக் அடிக்கச் சொல்லுங்கள். அது புகார் இல்லை.

படிவத்தில் கேட்காததையும் சொல்லுங்கள். எத்தனை பஸ் மாறி வந்தீர்கள், பை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற முடிகிறது, குளிரில் விரல் என்ன ஆகிறது. மாத்திரை வழி சிகிச்சை பொருந்துமா, பக்கத்து மருத்துவமனையில் சில சுற்றுகளை எடுக்கலாமா என்று டாக்டர் யோசிக்க அது உதவும்.

இன்னொன்று. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தேசிய அளவில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும்தான் பார்க்கிறது. குடல் அதில் இல்லை. எனவே மலத்தில் ரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் வாரக்கணக்கில் மாற்றம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை என்றால், மூலம் என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆயுளும் கூடும், அந்த ஆயுளின் மதிப்பெண்ணும் கூடும்.